ஜப்பான் ‘வெஜிடபிள் கறி’ பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஃபியூஜி மலை, புல்லட் ரயில், செர்ரிப் பூ எல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பத்தியில்தான் எனக்குத் தகராறு. அதில் இரண்டு வரி. “சைவர்கள் கவலைப்பட வேண்டாம், எந்தக் கறி ரைஸ் கடையிலும் வெஜிடபிள் கறி கிடைக்கும்” என்பது ஒன்று. “நம் குழம்பைக் காப்பியடிக்கப் பார்த்துத் தோற்றுப்போன பண்டம் அது, சப்பென்று இருக்கும், ஊறுகாய் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள்” என்பது இன்னொன்று. கறி ரைஸ் என்பது சோற்றுக்குப் பக்கத்தில் கெட்டிக் குழம்பு ஊற்றித் தருகிற ஜப்பான் சாப்பாடு. முதல் வரி தப்பு. அதை நம்பிப் போகிறவர், உள்ளே என்ன போகிறது என்று தெரியாமலே சாப்பிட்டுவிட்டு வருவார். இரண்டாவது வரி அநியாயம். முதலாவதற்கு நீங்கள் திருத்தம் போட வேண்டும். இரண்டாவதற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாரோ எவரோ இல்லை, சோறு போட்டுப் பிழைத்தவள். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மெஸ் நடத்தினோம். மதியச் சாப்பாடு மட்டும்தான். சைவம் தனி அடுப்பு, அசைவம் தனி அடுப்பு. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கடையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டோம். மகளும் மாப்பிள்ளையும் டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறார்கள். இந்தியக் கம்ப்யூட்டர்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற இடம். போன வருஷம் பேத்தி பிறந்த சமயம் போய்த் தங்கியிருந்தேன். கோயில் குளம் பார்த்ததைவிட நான் சாப்பாட்டுக் கடைகளை நின்று பார்த்ததுதான் அதிகம் என்று மகள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். தொழில் புத்தி எங்கே போகும்?

நான் சொல்லப்போகிற கடை காண்டா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர் வேண்டாம். ‘ட’ மாதிரி வளைந்த ஒரு கவுன்டர், அதைச் சுற்றி ஸ்டூல்கள், ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். மதியம் 12 மணிக்கு வெளியே வரிசை நிற்கிறது. உள்ளே வேலை பார்ப்பது ஒரே ஒரு ஆள்! நான் எண்ணிப் பார்த்தேன், பின்கட்டில் இன்னொருவர் ஒளிந்திருக்கிறாரா என்று எட்டியும் பார்த்தேன். இல்லை.

எப்படிச் சமாளிக்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாசலிலேயே ஆளுயர மெஷின் நிற்கிறது. முதலில் பணம் போட வேண்டும், பிறகு படம் போட்ட பொத்தானை அமுக்க வேண்டும், சீட்டு விழும், மீதிச் சில்லறையும் விழும். சீட்டைக் கொண்டுபோய்க் கவுன்டரில் வைத்தால் பேச்சு முடிந்தது. கல்லாவில் உட்கார ஆள் வேண்டாம். “நான் கொடுத்தது 500 ரூபாய் நோட்டுய்யா” என்கிற தினப்படிச் சண்டை இல்லை. சோறு போடுகிற கை காசைத் தொடுவதில்லை. எங்கள் மெஸ்ஸில் கல்லாவுக்கு வீட்டுக்காரர், டோக்கன் வாங்க ஒரு பையன், பரிமாற இரண்டு பேர் என்று வைத்திருந்தோம். அப்படியும் பந்தி முடிவதற்குள் தலை சுற்றிவிடும்.

உட்கார்ந்ததும் ஐஸ் மிதக்கிற தண்ணீர் வருகிறது. குளிர்காலத்திலும் அதே ஐஸ் தண்ணீர்தான், கேட்டால்கூட வெந்நீர் தயங்கித்தான் வரும். பிறகு அந்த ஆள் அகலமான தட்டை எடுத்துத் தராசில் வைத்துச் சோறு போடுகிறார். ஆம், தராசில். நம் ஊரில் ‘அளவுச் சாப்பாடு’ என்று போர்டு வைத்தாலும் அளவு பரிமாறுகிறவர் கையில்தான் இருக்கும். தெரிந்தவர் வந்தால் ஒரு கரண்டி கூடும். அங்கே கிராம் கணக்கு. குறைவாக வேண்டுமா, கூடுதலாக வேண்டுமா என்பது சீட்டிலேயே இருக்கும். சோறு தட்டின் ஒரு பக்கம், குழம்பு மறுபக்கம். சோற்றின் தலையில் ஊற்றுவதில்லை. பொரிக்க வேண்டிய அயிட்டம் எதுவும் கேட்காவிட்டால், சீட்டை வைத்துவிட்டுக் கைப்பையை மடியில் சரிசெய்வதற்குள் தட்டு முன்னால் இருக்கிறது.

குழம்பு ஒன்றேதான். அதன் மேல் என்ன வேண்டும் என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றி இறைச்சி, பொரித்த கோழி, இறால், அவித்த முட்டை, சீஸ், பாலக் கீரை, நாட்டோ என்கிற நொதித்த சோயா (அந்த நாற்றத்துக்கு நான் பழகவில்லை, பழகவும் உத்தேசமில்லை). ஒரு அண்டா குழம்பும் ஒரு எண்ணெய்ச் சட்டியும் வைத்துக்கொண்டு முப்பது அயிட்டத்துக்கு மெனு போட்டுவிடலாம். எங்களுக்கோ சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம் என்று ஏழெட்டுப் பாத்திரம். இரண்டு மணிக்கு வருகிறவர் “கூட்டு தீர்ந்துபோச்சா?” என்று கேட்டால் பதில் சொல்ல வாய் வராது. ஆயிரம் யென்னுக்குள், நம் பணத்தில் 500, 600 ரூபாய்க்குள், டோக்கியோ மாதிரி ஊரில் ஒரு ஆள் வயிறு நிறையச் சாப்பிட முடிகிறதென்றால் இந்தச் சிக்கனம்தான் காரணம். அரிசி விலை அங்கேயும் ஏறிவிட்டது. 2025-இல் 5 கிலோ பை 4,000 யென்னைத் தாண்டியது, அதற்கு முந்தின வருஷத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கூடுதல் சோற்றை இலவசமாகப் போட்ட கடைகளில் சில அதற்குக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டன என்று மாப்பிள்ளை சொன்னார். கேட்டபோது பழைய கடைக்காரி என்ற முறையில் எனக்கு அந்த முதலாளிகள் மேல் பரிதாபம்தான் வந்தது.

கவுன்டரில் ஒரு சின்ன டப்பாவும் இடுக்கியும் இருக்கும். டப்பாவுக்குள் சிவப்பாக ஃபுகுஜின்சுகே. முள்ளங்கி, கத்திரிக்காய், தாமரைத்தண்டு, வெள்ளரி எல்லாம் பொடியாக அரிந்து சோயா சாஸிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சில கடைகளில் ரக்கியோ என்று வெங்காயக் குடும்பத்துச் சின்னப் பூண்டு ஒன்றையும் புளிப்பும் இனிப்புமாக ஊறவைத்துத் தருகிறார்கள். ஊறுகாய் பாட்டில் தூக்கிப் போகச் சொன்ன உங்கள் கட்டுரையாளர் அந்த டப்பாவின் மூடியைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போன அன்று சம்பந்தியம்மாவும் கூட இருந்தார். கும்பகோணத்துக்காரர், சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். மெஷினில் ஒரு பொத்தானில் கத்திரிக்காய், பரங்கிக்காய், வெண்டைக்காய் எல்லாம் போட்டுக் குழம்பு படம் இருந்தது. “இதோ இருக்கே, எனக்கு இதுவே போதும்” என்றார். அமுக்குவதற்கு முன்னால் என் மகள் கதவைத் தள்ளி உள்ளே தலையை நீட்டி ஏதோ கேட்டாள். அந்த ஆள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கவுன்டரைச் சுற்றி வெளியே வந்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்துத் தலை வணங்கினார். இரண்டு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டினார். அந்த ஊரில் ‘கூடாது’ என்பதற்கு அதுதான் சைகை. காய் மட்டும்தான் காய், குழம்பு முழுக்கப் பன்றி இறைச்சியும் மாட்டுக் கொழுப்பும் என்று மகள் விளக்கினாள்.

வெளியே வரிசை நிற்கிறது, உள்ளே தட்டுகள் காத்திருக்கின்றன. பேசாமல் இருந்திருந்தால் ஒரு சீட்டு விற்றிருக்கும். அந்த மனிதர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடையின் மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான். சம்பந்தியம்மா பக்கத்துக் கடையில் உமெபோஷி புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டை வாங்கிச் சாப்பிட்டார். “புளியோதரைக்கு இது தேவலை” என்று சொன்னதை இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இது ஒரு கடையின் வழக்கம் இல்லை, அந்தச் சமையலின் அடிப்படையே அப்படி. கோதுமை மாவைக் கொழுப்பில் பொன்னிறம் தாண்டும்வரை வறுத்து, அதில் கறித்தூளைச் சேர்த்து, எலும்பும் இறைச்சியும் கொதித்த சாற்றை ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். வீடுகளில் இந்த வேலையெல்லாம் முடித்துக் கட்டியாக வார்த்த சாக்லேட் மாதிரி அட்டைப்பெட்டியில் வாங்கிவிடுகிறார்கள். அதில் பேர்போனது ஹவுஸ் நிறுவனத்தின் வெர்மான்ட் கறி. 1963-இல் ஆப்பிளும் தேனும் சேர்த்து, குழந்தைகளும் சாப்பிடும்படி இனிப்பாகக் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் விற்கிற பெட்டியில் சேர்மானப் பட்டியல் ஆரம்பிப்பதே மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்த எண்ணெயில்தான். பெட்டியின் முன்பக்கம் ஆப்பிள் படம் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டுக்கொள்கிற நம் ஆட்கள் எத்தனை பேரோ.

நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கோகோ இச்சிபன்யாவிலும் வழக்கமான குழம்பு பன்றி இறைச்சியில் செய்ததுதான். அதன் மேல் காய்கறி கேட்டால் காய்கறி போடுவார்கள், குழம்பு மாறாது. விலங்குப் பொருள் சேர்க்காத தனிக் குழம்பும் அவர்கள் மெனுவில் உண்டு, ஆனால் எல்லாக் கிளையிலும் கிடைக்காது. அதை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய கடைகளில் ஒவ்வாமைப் பட்டியல் என்று ஒரு தாள் வைத்திருப்பார்கள். முட்டை, பால், கோதுமை மட்டுமில்லாமல் மாடு, பன்றி, கோழி என்று தனித்தனிக் கட்டம் போட்டிருக்கும். சீட்டு வாங்குவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் தட்டிலிருக்கிற துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவார்கள். ‘புதா’ என்றால் பன்றி, ‘கியூ’ என்றால் மாடு, ‘தோரி’ என்றால் கோழி. குழம்பில் இவை இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். கறி உதோன் என்று தடித்த நூடுல்ஸ் வாங்கினால் அந்தச் சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் போட்டுக் கொதித்தது. கோழியும் மீனும் சாப்பிடுகிற, மாடும் பன்றியும் வேண்டாம் என்கிற என்னைப் போன்றவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அன்று நானும் பட்டினி! அதற்கப்புறம் நான் சாப்பிட்டதெல்லாம் கோழிச் சாற்றில் செய்கிற கடையையோ ஹலால் கடையையோ மகள் தேடிப் பிடித்த பிறகுதான்.

அடுத்தது அந்தக் ‘காப்பி’ விவகாரம். நம்மைப் பார்த்து அவர்கள் எழுதிய காப்பி இல்லை அது. நம் அடுப்பங்கரையையே அவர்கள் பார்க்கவில்லை. மெய்ஜி மன்னர் காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்துக்காரர்கள் டப்பாவில் அடைத்த கறித்தூளோடு வந்தார்கள். அவர்கள் மாவு போட்டுக் கெட்டியாக்கிச் சாப்பிட்டதை ‘மேல்நாட்டுச் சமையல்’ என்று சொல்லித்தான் ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1872-இல் வந்த மேல்நாட்டுச் சமையல் புத்தகம் ஒன்றில் தவளை போட்ட கறிக்குக்கூடச் செய்முறை இருக்கிறது. நம் ஊரில் யாரிடம் பார்த்திருப்பார்கள் அதை?

பிறகு கடற்படை. இந்தக் கதையில் ஒரு பகுதி நம் அரிசிக்கும் சம்பந்தப்பட்டதால் கொஞ்சம் நிற்கிறேன். தீட்டித் தீட்டி வெளுத்த பச்சரிசிச் சோற்றை மட்டுமே தின்ற மாலுமிகளுக்குக் கால் வீங்கி, இதயம் நின்று போகிற பெரிபெரி நோய் வந்தது. ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் 1883-இல் நெடும்பயணம் முடித்துத் திரும்பியபோது, 376 பேரில் 169 பேருக்கு அந்த நோய், 25 பேர் செத்துப்போயிருந்தார்கள். லண்டனில் படித்துவிட்டு வந்த தகாகி கனெஹிரோ என்ற கடற்படை டாக்டர் சாப்பாட்டில்தான் கோளாறு என்று சாதித்து, அடுத்த வருஷம் இன்னொரு கப்பலை அதே வழியில் இறைச்சி, பார்லி எல்லாம் ஏற்றி அனுப்பிக் காட்டினார். இறைச்சியும் காயும் மாவும் ஒரே தட்டில் சேர்கிற கறி ரைஸ் அந்தக் கடற்படை அடுப்பில் இடம்பிடித்தது. 1908-இல் அவர்கள் போட்ட சமையல் கையேட்டில் அதன் செய்முறை இருக்கிறது. இன்றைக்கும் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான், கப்பலுக்குக் கப்பல் பக்குவம் வேறு. நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரிபெரி அவ்வளவாக வராததற்குப் புழுங்கல் அரிசி காரணம். மலாயாவில் தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களை அந்த நோய் பிடித்தபோது புழுங்கல் அரிசிக்காரர்களான தமிழர்கள் தப்பித்ததைப் பார்த்துத்தான், 1905-இல் கோலாலம்பூரில் ஃப்ளெட்சர் என்ற டாக்டர் இரண்டு அரிசியையும் தனித்தனியாகக் கொடுத்துச் சோதித்தார். அரிசியை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. பேத்திக்குக் கஞ்சி வைக்கப் புழுங்கல் நொய் கொண்டுபோன எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

“இது எங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லையே” என்று உங்கள் கட்டுரையாளர் இன்று சொல்வதை, அவரைவிடக் கனமான ஒரு மனிதர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே சொல்லிவிட்டார். ராஷ் பிஹாரி போஸ். 1912-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு மேல் குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டு, 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிப் போனவர். ஷின்ஜுகுவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடைக்காரர் சோமா குடும்பம் அவரை ஒளித்து வைத்தது. அந்த வீட்டுப் பெண் தோஷிகோவையே 1918-இல் மணந்தார். தோஷிகோ 1925-இல் இறந்துவிட்டார். அதே நாகமுராயா 1927-இல் சாப்பாட்டுக் கூடம் திறந்தபோது, மாவு போட்ட கறி வேண்டாம், எலும்போடு கோழி போட்டு மசாலாவில் வேகவைத்த இந்தியக் கறி போடுங்கள் என்றார் போஸ். மற்ற கடையில் 10, 12 சென்னுக்குக் (100 சென் ஒரு யென்) கிடைத்தபோது இதற்கு 80 சென் விலை வைத்தார்கள், விற்றது. இன்றைக்கும் விற்கிறது. அவர் ஊறுகாய் பாட்டில் தூக்கிக்கொண்டு போகவில்லை, அடுப்பைப் பற்றவைத்தார்.

திருவனந்தபுரத்துக்காரர் ஏ. எம். நாயரும் அப்படித்தான். சுதந்திரப் போராட்டத்துக்காக அங்கே தங்கியவர், 1949-இல் கின்சாவில் நாயர்ஸ் ரெஸ்டாரன்ட் திறந்தார். அங்கே முர்கி லஞ்ச் என்று ஒரு தட்டு: மஞ்சள் சோறு, கோழிக் கால், வெந்த முட்டைக்கோஸ், மசித்த உருளைக்கிழங்கு. பரிமாறுகிறவர் கண் முன்னாலேயே எலும்பை உருவி எடுத்துவிட்டு, “எல்லாத்தையும் நல்லாப் பிசைஞ்சு சாப்பிடுங்க” என்று ஜப்பானியில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோட் சூட்காரர்கள் ஸ்பூனால் பயந்து பயந்து பிசைந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கறி ரைஸ் கடையிலோ யாரும் அப்படிப் பிசைவதில்லை. சோறும் குழம்பும் சந்திக்கிற கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே போகிறார்கள். கடைசிவரை தட்டு அலங்கோலமாவதில்லை.

சப்பென்று இருக்கிறது என்பதற்கு வருகிறேன். காரம் இல்லை என்பது வாஸ்தவம். காரம்தான் வேண்டும் என்றால் கோகோ இச்சிபன்யாவில் எண் சொல்லி வாங்கலாம். 1-ஐவிட 3 நாலு மடங்கு, 5 பன்னிரண்டு மடங்கு, 10 என்றால் இருபத்துநாலு மடங்கு என்று அவர்களே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரையாளர் “முதல் தடவையிலேயே 10 கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறார். 6 அல்லது அதற்கு மேல் கேட்கிறவர் ஏற்கெனவே 5 சாப்பிட்டவராக இருக்க வேண்டும் என்று அந்த மெனுவிலேயே போட்டிருக்கும். அவர் எப்படி வாங்கினாரோ, அவருக்கே வெளிச்சம். ஆனால் எண்ணைக் கூட்டினால் மிளகாய்த்தூள் கூடும், அவ்வளவுதான். நம் குழம்பில் காரம் தனியாக நிற்பதில்லை. புளி அதைப் பிடிக்கும், தேங்காய் அணைக்கும், எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது மணம் மாறும். அந்த வேலை எதுவும் நடக்காத குழம்பில் மிளகாயைக் கொட்டினால் நாக்கு எரியும், ருசி அப்படியே நிற்கும். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பந்தயம் கட்டி எண்ணை ஏற்றிக்கொண்டு போவார்களாம். அது சாப்பாடு இல்லை, சர்க்கஸ்.

எண் எதுவும் சொல்லாமல் சாதாரணக் குழம்பை வாங்கி, அவசரப்படாமல் ஒரு வாய் வையுங்கள். முதலில் வருவது வெங்காயம். பழுப்பு நிறம் வரும்வரை மணிக்கணக்காக வதக்கிய வெங்காயத்தின் தித்திப்பு. பின்னால் எலும்புச் சாறு. பழத்தின் புளிப்பு லேசாக. கடைசியில்தான் மசாலா: மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம், மிளகு. எஸ் அண்ட் பி நிறுவனத்தின் சிவப்பு டப்பாக் கறித்தூளில் இவற்றோடு காய்ந்த ஆரஞ்சுத் தோலும் இருக்கிறது; அந்த மணத்தை நான் மூக்கால் கண்டுபிடித்துவிட்டு, பிறகு மகளை டப்பா படிக்கச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். தாளிப்பு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது. இல்லை என்று தேடிக்கொண்டிருந்தால் இருப்பது நாக்கில் படாது.

அந்தக் கெட்டி எதற்கு என்பதைச் சமைக்கிறவர்தான் கேட்பார். மகள் வீட்டில் ஜப்பான் அரிசி வடித்து நான் ரசம் ஊற்றிப் பார்த்தேன். குட்டை அரிசி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற சோறு. ரசம் உள்ளே இறங்காமல் தட்டின் அடியில் குளம் கட்டி நின்றது. சாம்பாரும் அப்படியே. நம் குழம்பெல்லாம் உதிரிச் சாதத்துக்கும் பிசைகிற கைக்கும் ஏற்பட்டவை. அந்தச் சோற்றை ஸ்பூனால் ஒரு கட்டியாக வெட்டி எடுக்கும்போது அதன் மேல் வழியாமல் ஒட்டிக்கொண்டு வர வேண்டுமானால் மாவு போட்ட குழம்பால்தான் முடியும். ஆடுகிற கப்பலில் தட்டிலிருந்து சிந்தாமல் இருக்கத்தான் மாவைக் கூட்டினார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். இருக்கலாம். எனக்குச் சோற்றைப் பார்த்ததுமே காரணம் விளங்கிவிட்டது.

நான் அதற்கு வக்கீல் இல்லை, குறையும் சொல்கிறேன். இனிப்பு அதிகம், தட்டு பாதியானதும் எனக்கு ஒரு பச்சை மிளகாயைக் கடிக்க வேண்டும்போல இருக்கும். மாவும் கொழுப்பும் சேர்ந்து மத்தியானத் தூக்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. குழம்பு மறுபடி கேட்டால் அதற்கும் காசு. ‘இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. யாரும் யாரோடும் பேசுவதுமில்லை. காண்டாவை ஒட்டிய ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெரு. 1924-இலிருந்து நடக்கிற கியோயெய்தோ, தட்டுக்கு முன்னால் அவித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் கொண்டுவந்து வைக்கிற போண்டி என்று அங்கே கறிக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. 2011 முதல் அந்த வட்டாரத்துக் கடைகளுக்குள் போட்டியே நடத்துகிறார்கள். ஒரு கையில் வாங்கின புத்தகம், ஒரு கையில் ஸ்பூன், கண் எழுத்தில், அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். படித்துக்கொண்டே சாப்பிட்டால் எங்கள் வீட்டில் முதுகில் ஒன்று விழும்.

ஆறிப்போன குழம்பு விஷயத்தில் மட்டும் அவர்களும் நாமும் ஒரே கட்சி. மீன் குழம்பை மறுநாள் சாப்பிட வேண்டும் என்று நாம் சொல்கிற மாதிரி, அவர்களும் இரண்டாம் நாள் கறிதான் ருசி என்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: கெட்டிக் குழம்பைப் பெரிய பாத்திரத்தில் அப்படியே அடுப்பில் விட்டுவைத்தால் அடியில் காற்றுப் படாத இடத்தில், கொதித்தாலும் சாகாத ஒரு கிருமி பெருகி வயிற்றுப்போக்கு வரும் என்று அங்கே சுகாதாரத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சின்னச் சின்னப் பாத்திரத்தில் மாற்றிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் ராத்திரி மிஞ்சிய குருமாவை அண்டாவோடு மூடிவைக்கிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

கோகோ இச்சிபன்யாவை ஆரம்பித்ததே ஒரு புருஷன் பெண்சாதிதான். நகோயாப் பக்கம் 1974-இல் காப்பிக் கடை வைத்தார்கள். அங்கே மனைவி செய்து போட்ட வீட்டுக் கறிக்குக் கூட்டம் வரவே, 1978-இல் கறிக்கென்றே தனிக் கடை திறந்தார்கள். 2020-இல் நம் நாட்டில் குருகிராமுக்கும் வந்தார்கள். வீட்டு அடுப்பிலிருந்து கிளம்பிய இன்னொருத்தியின் கைப்பக்குவத்தைத் ‘தோற்றுப்போன பண்டம்’ என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவதை, அதே தொழில் செய்த என்னால் சும்மா விட முடியவில்லை.

போகட்டும், அது அவரவர் நாக்கு. ஆனால் திருத்தம் அவசியம். நிறையப் பேர் இப்போது ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறார்கள். வயசான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். இப்படிப் போட்டால் போதும்: “ஜப்பானியக் கறி ரைஸ் கடைகளில் வெஜிடபிள் கறி என்று இருப்பதில் குழம்பு பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டுக் கொழுப்பிலும் இறைச்சிச் சாற்றிலும் செய்தது. சைவர்கள் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கவும்.” கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே எழுத்து அளவில் போடுங்கள். உள்பக்கத்தில் டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டால் யார் கண்ணிலும் படாது.

இப்படிக்கு,
பழைய மெஸ்காரி ஒருத்தி,
உறையூர், திருச்சி.